ஊற வைத்த பயறு, ஒற்றைக் குக்கர்

மாதக் கடைசியில் பணம் தீர்ந்ததும் பேச்சிலர் ரூம் பிள்ளைகளின் கை நூடுல்ஸ் பாக்கெட் பக்கம் போகிறது. பதினைந்து ரூபாய் சுமாரில் வயிறு நிறைகிறது, வேலையும் சட்டென்று முடிகிறது. ஆனால் அந்த ஒரு பாக்கெட்டில் இருக்கும் புரதம் ஐந்தாறு கிராம்தான். அதே பணத்துக்கு அண்ணாச்சி கடையில் நூறு கிராம் பச்சைப்பயறு கிடைக்கும். அதில் புரதம் ஏறக்குறைய 23 கிராம். இந்த வித்தியாசம் தெரிந்தவர்களும் பயறு வாங்காததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: அதை ஊற வைக்க வேண்டும், பிறகு வேக வைக்க வேண்டும், அதற்கெல்லாம் நேரமில்லை என்ற எண்ணம். உண்மையில் அந்த வேலையில் பெரும்பகுதியை நாம் தூங்கும்போது தண்ணீரே செய்து முடித்துவிடுகிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ள மாணவருக்கு இது 50 கிராம். நாள் முழுதும் சேர்த்து 300 கிராம் அரிசி சாப்பிட்டால் அதிலேயே 23 கிராம் வந்துவிடும். நூறு கிராம் பயறு இன்னொரு 23. ஒரு கிண்ணம் தயிர் சேர்ந்தால் கணக்கு நேராகிவிடுகிறது. பனீரோ, டப்பாவில் விற்கும் புரதப் பொடியோ இதில் எங்கும் வரவில்லை.

அளவைப் போலவே தரமும் முக்கியம். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறு வகைகளில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்று ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்லும் விகிதத்தை ஒட்டித்தான் நம் வீடுகளில் இட்லிக்கு நனைக்கிறார்கள், பொங்கலுக்கு அளக்கிறார்கள். இரண்டையும் ஒரே வேளையில் சாப்பிட்டாக வேண்டும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அமெரிக்காவில் பிரான்சிஸ் மூர் லாப்பே 1971-ல் எழுதிய நூல் அந்தக் கருத்தைப் பரப்பியது. பத்தாண்டு கழித்து வந்த பதிப்பில், அவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை என்று அவரே திருத்தி எழுதினார். காலையில் சுண்டல், மதியம் ரசம் சாதம் என்றாலும் உடல் சேர்த்துக்கொள்ளும். காலை ஒன்பது மணி வகுப்புக்கு ஓடுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இனி அந்த ஒரு கைப்பிடிப் பயறைக் கவனியுங்கள். தண்ணீரில் போட்டதும் எல்லா மணிகளும் ஒரே மாதிரி ஊறுவதில்லை. ஓரத்தில் இருக்கும் சிறிய வெள்ளைத் தழும்பு, அதாவது காயில் ஒட்டியிருந்த இடம், அதன் பக்கமாக முதலில் ஈரம் ஏறுகிறது. மேல்தோல் முதலில் சுருங்கி வரிவரியாகிறது. உள்ளே பருப்பு உப்ப உப்பச் சுருக்கம் மறைந்து தோல் இறுகுகிறது. ஆறேழு மணி நேரத்தில் எடை இரட்டிப்பாகிவிடும். சில மணிகள் மட்டும் விடிந்த பிறகும் கல்லாகவே அடியில் கிடக்கும். அவற்றின் தோல் நீரை உள்ளே விடாத வகை. பொறுக்கி எறிந்துவிடுங்கள், பல்லுக்கு நல்லது.

ஊறிய நீரைக் கொட்டிவிட வேண்டும். ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளின் ஒரு பகுதி அந்த நீரில் இறங்கியிருக்கும். அவற்றைச் செரிக்கும் நொதி நம் குடலில் இல்லை. பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று வாயுவை உண்டாக்குகின்றன. பயறு சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்று ஒதுக்குகிறவர்கள், நீரை மாற்றி ஒரு வாரம் முயன்று பார்க்கலாம்.

நீரை வடித்து ஈரத்துணியில் கட்டி வைத்தால் இன்னொரு கதை தொடங்குகிறது. காய்ந்த பயறில் வைட்டமின் சி அனேகமாக இல்லை. முளை விட்டதும் விதையே அதைத் தயாரிக்க ஆரம்பிக்கிறது. இதை உலகம் தெரிந்துகொண்ட விதத்தில் ஒரு போர்க்களம் இருக்கிறது. முதல் உலகப்போரில், இன்றைய ஈராக்கில் டைகிரிஸ் நதிக்கரையில் உள்ள கூத் என்ற ஊரில், 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை பிரிட்டிஷ் இந்தியப் படை முற்றுகையில் சிக்கியது. ஒரே கோட்டைக்குள் இருந்த இரண்டு கூட்டத்துக்கும் இரண்டு விதமான நோய். வெள்ளை மாவு ரொட்டி சாப்பிட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு, பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி வந்தது. தவிட்டோடு சேர்ந்த ஆட்டா சாப்பிட்ட இந்தியச் சிப்பாய்களைப் பெரிபெரி தொடவில்லை. ஆனால் குதிரை மாமிசத்தைப் பெரும்பாலோர் மறுத்ததாலும் பச்சைக் காய்கறி இல்லாததாலும் அவர்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி கண்டது. லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஆய்வு செய்த ஹாரியட் சிக், மார்கரெட் ஹியூம் என்ற இரு பெண்கள் இந்த நிகழ்வை எடுத்து ஆராய்ந்தார்கள். காய்ந்த பயறு கொடுத்த கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி வந்தது, முளைகட்டிய பயறு தின்றவை தப்பின. காய்கறி போய்ச் சேராத இடத்துக்கு மூட்டைப் பயறும் தண்ணீரும் போதும் என்பது அதன் பொருள். வைட்டமின் சி இன்னதென்று வேதியியலார் அடையாளம் காண 1932 வரை ஆனது. அதற்கு முன்பே இந்த உண்மை கைக்கு வந்துவிட்டது.

முளைகட்டுவதால் இன்னொரு லாபமும் உண்டு. பயறில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பையும் துத்தநாகத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு உடலுக்கு விடாது. முளைக்கும்போது விதையின் நொதி அதை உடைக்கிறது. இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. விடுதிகளில் இருக்கும் மாணவிகளும் இந்த வயதுக்குள்தான் வருகிறார்கள். அதனால் இதைச் சாதாரணச் செய்தியாக என்னால் கடந்துபோக முடியவில்லை. சுண்டலில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தால், அல்லது கூடவே ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ கடித்தால், தாவர உணவின் இரும்பு நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ இதற்கு நேர் எதிர். அதிலிருக்கும் பாலிஃபீனால்கள் இரும்பு சேர்வதைப் பாதிக்கு மேல் குறைத்துவிடக்கூடும். டீயை விட வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், அது போதும்.

முளைப்பயறைப் பச்சையாகத் தின்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. ஈரமும் வெதுவெதுப்பும் முளைக்கு எவ்வளவு பிடிக்குமோ, சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்கும் அவ்வளவு பிடிக்கும். சில நிமிடம் ஆவியில் வைத்து எடுங்கள். கொஞ்சம் வைட்டமின் சி போகும், அதை எலுமிச்சை ஈடுகட்டிவிடும்.

ராஜ்மா வாங்குகிறவர்களுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அதிலுள்ள லெக்டின் என்ற புரதம் அரைவேக்காட்டில் விஷம். நாலைந்து மணிகளே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவழைக்கும். கொதிநிலைக்குப் போகாமல் இளஞ்சூட்டில் மெல்ல வேக வைப்பது பச்சையாகத் தின்பதைவிட மோசம். இரவு முழுக்க ஊற வைத்து, நீரை மாற்றி, குக்கரில் வைத்தால் பயமில்லை.

குக்கர் என்பது அடிப்படையில் கொதிநிலையை ஏமாற்றும் கருவி. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கொடைக்கானல், ஊட்டியில் அதுவும் கிடையாது, 93 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும். அங்கே படிக்கப் போன பிள்ளைகள் பருப்பு வேகவில்லை என்று புலம்புவது இதனால்தான். மூடி இறுகிய குக்கரில் அழுத்தம் ஏறி 120 டிகிரி வரை போகிறது. வேகும் வினைகள் பத்து டிகிரிக்குச் சுமார் இரண்டு மடங்கு வேகம் கூடும் என்று வைத்துக்கொண்டால், நேரம் நாலில் ஒன்றாகிறது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடலாம். உள்ளே வெப்பநிலை அதே அளவில்தான் நிற்கும். கூடுதலாக எரியும் கேஸும் கரண்டும் ஆவியாக வெளியேறுவதற்குத்தான் பயன்படும். இன்னொன்று: விசிலை எண்ணாமல் நிமிடத்தை எண்ணுங்கள். தீ பெரிதாக இருந்தால் மூன்று விசில் நாலு நிமிடத்தில் வந்துவிடும், சிறிதாக இருந்தால் பத்து நிமிடமாகும். அம்மா சொன்ன மூன்று விசில் அம்மாவின் அடுப்புக்கு உரியது.

இவ்வளவுக்குப் பிறகும் பருப்பு வேகாமல் சதி செய்தால் இரண்டு பேரைச் சந்தேகப்படலாம். ஒன்று போர் தண்ணீர். பருப்பின் செல்களைப் பெக்டின் என்ற பொருள் ஒட்டி வைத்திருக்கிறது. அந்தக் கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அதை இன்னும் இறுக்கிவிடும். வேக வைக்க மட்டுமாவது கேன் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற வைக்கும் நீரில் ஒரு ஸ்பூன் சாப்பாட்டு உப்பு போட்டால் சோடியம் உள்ளே போய்க் கால்சியத்தை வெளியேற்றும், தோல் சீக்கிரம் மென்மையாகும். இரண்டாவது புளி. அமிலம் பட்டால் பெக்டின் கரைய மறுக்கும். பருப்பு வெந்த பிறகே புளி என்று பாட்டிகள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தக்காளிக்கும் அதே விதி. சிலர் அவசரத்துக்குச் சமையல் சோடா போடுகிறார்கள். பருப்பு குழைந்துவிடும், ஆனால் கூத் முற்றுகையில் ஆட்டா காப்பாற்றிக் கொடுத்த அதே பி1 வைட்டமின் சோடாவில் அழிந்துபோகும்.

பி1 என்றதும் புழுங்கல் அரிசியைச் சொல்லாமல் இருக்க முடியாது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1-ன் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டிய பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடும். நம் நாட்டில் இந்த ஆராய்ச்சிக்கு வித்திட்ட இடம் குன்னூர். அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரியை ஆராய ஒரே ஒரு அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடம், 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. மேலே சொன்ன புரதக் கணக்கைக் கொடுத்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். விலை மலிவான புழுங்கல் அரிசியைத் தயங்காமல் வாங்குங்கள்.

பயறு அலுத்துப் போனால் மீல்மேக்கர் இருக்கிறது. எண்ணெய் எடுத்த சோயாவிலிருந்து செய்வதால் உலர்ந்த நிலையில் அதன் எடையில் பாதி புரதம். வெந்நீரில் போட்டுப் பிழிந்து, எந்தக் குழம்பிலும் சேர்க்கலாம். வேர்க்கடலையும் கொள்ளும் இதே வரிசையில் வருபவை. ஆனால் பி12 மட்டும் இவற்றில் எதிலும் கிடையாது. செடியில் விளையும் எந்த உணவையும் அதற்கு நம்ப முடியாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் பாலையோ தயிரையோ செலவுக்குறைப்பில் வெட்டிவிடக் கூடாது. அதுவும் வேண்டாம் என்பவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். குறைபாடு மெதுவாகத்தான் வெளியே தெரியும், தெரியும்போது நரம்பு பாதித்திருக்கக்கூடும்.

மீதச் சோற்றில்தான் ரூம் சமையலின் உண்மையான ஆபத்து ஒளிந்திருக்கிறது. பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியில் சாதாரணமாகவே இருக்கும். கொதிநீரில் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் மணிநேரங்களில் முளைத்துப் பெருகி ஒரு நச்சைக் கக்குகின்றன. அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. இங்கிலாந்தில் 1971-ல் சீன உணவகங்களின் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்தில் வாந்தியெடுத்தபோதுதான் இது பெரிதாகக் கவனத்துக்கு வந்தது. அங்கே சோற்றை மொத்தமாக வடித்து, இரவு முழுக்க வெளியே வைத்திருந்து, மறுநாள் வதக்கியிருந்தார்கள். ராத்திரிச் சோற்றைக் குக்கரோடு மூடி வைத்துக் காலையில் லெமன் சாதம் கிளறும் ரூம்களில் நடப்பதும் இதேதான். ஃப்ரிட்ஜ் இருந்தால் சோற்றைத் தட்டில் பரப்பி ஆற வைத்து ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வேளைக்கு அளந்து வையுங்கள். மிஞ்சியதில், ஆறியதும் தாமதிக்காமல் முழுக்க மூழ்கும்படி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கும், புளிப்பு ஏறினால் மற்றக் கிருமிகள் பெருகுவது கடினம். காலையில் இதமான புளிப்பு மணம் வராமல் வேறு வாடை அடித்தாலோ, சோறு கொழகொழத்து நூல் விட்டாலோ, எவ்வளவு பசியானாலும் கொட்டிவிடுங்கள்.