வேலை தெரிந்தவரை அடையாளம் காண்பது யார்?

2013 அக்டோபர் 1-ஆம் தேதி அமெரிக்க அரசு ஹெல்த்கேர் டாட் கவ் என்ற இணையதளத்தைத் திறந்தது. மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் வீட்டிலிருந்தபடியே பாலிசிகளை ஒப்பிட்டுப் பார்த்து, அரசு மானியம் எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு, தங்களுக்கு ஏற்றதை வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 2010-இல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட காப்பீட்டுச் சட்டம் மக்களைச் சென்றடைய வேண்டிய வாசல் அது. 36 மாநிலங்களின் மக்கள் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். முதல் நாளே லட்சக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். பெரும்பாலோரால் லாகின் பக்கத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. அன்று பதிவை முடித்தவர்கள் எத்தனை பேர் என்பது, பின்னர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று வெளியிட்ட கூட்டக் குறிப்பில் இருக்கிறது: ஆறு பேர்.

இப்படி ஒரு தோல்வி நேர்ந்தால் எந்த நிறுவனமும் முதலில் சொல்வது, திறமையான ஆட்கள் கிடைக்கவில்லை என்பதுதான். வங்கியோ, மருத்துவமனையோ, அரசுத் துறையோ, பழைய முறையிலிருந்து கணினி முறைக்கு மாறும் எல்லா இடங்களிலும் இதே பேச்சைக் கேட்கலாம். ஆனால் இந்த இணையதளத்துக்கு ஆட்கள் பஞ்சம் இருந்ததில்லை. 55 ஒப்பந்த நிறுவனங்கள் அதில் வேலை செய்தன. பணத்துக்கும் குறைவில்லை. தளத்தின் மையப் பகுதிக்கு மட்டும் 2011 செப்டம்பரில் 5.6 கோடி டாலராக இருந்த ஒதுக்கீடு, 2014 பிப்ரவரிக்குள் 20.9 கோடி டாலரைத் தாண்டிவிட்டதாக அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. இத்தனை நிறுவனங்கள் தனித்தனியாகச் செய்த பகுதிகளை ஒன்றாகச் சேர்த்து ஓடவைக்கும் பொறுப்பை, மருத்துவ உதவித் திட்டங்களை நடத்தும் அரசுத் துறை தானே ஏற்றுக்கொண்டது. இவ்வளவு பெரிய மென்பொருளை ஒருங்கிணைத்த அனுபவம் அந்தத் துறைக்கு இல்லை. தளம் திறப்பதற்கு ஆறு மாதம் முன்பே, முடிவெடுக்கும் அதிகாரம் கொண்ட ஒரு தலைமை இல்லை என்று மெக்கின்ஸி ஆலோசனை நிறுவனம் எச்சரித்திருந்தது. அப்போதும் யாரும் நியமிக்கப்படவில்லை. லாகின் ஏன் உடைகிறது என்று கேட்டால் ஒரு நிறுவனம் இன்னொன்றைக் கைகாட்டும். அது மூன்றாவதைக் கைகாட்டும்.

பிறகு நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆள் பஞ்சம் என்ற வாதம் உடைவது அங்கேதான். அக்டோபர் இறுதியில் நிர்வாக அனுபவம் மிக்க ஜெஃப் ஸயன்ட்ஸிடம் மீட்புப் பொறுப்பு தரப்பட்டது. ஒப்பந்த நிறுவனங்களில் ஒன்று மற்ற அனைத்துக்கும் தலைமை ஒப்பந்ததாரராக அறிவிக்கப்பட்டது. அரசின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி டாட் பார்க் அழைத்ததன் பேரில் வெளியிலிருந்து சிலர் வந்தார்கள். கூகுளில் தளங்கள் நின்றுபோகாமல் காக்கும் பிரிவில் பொறியாளராக இருந்த மைக்கி டிக்கர்சன் அவர்களில் ஒருவர்; பார்க்கின் அணியைச் சேர்ந்த ரயன் பஞ்சாட்சரமும் அந்த மீட்பில் பங்கெடுத்தார். வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உள்ளே போனதும் அவர்கள் கண்ட முதல் குறை, தளத்தில் எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று காட்டும் கண்காணிப்புத் திரையே இல்லை என்பது. காய்ச்சல்காரரைத் தெர்மாமீட்டர் இல்லாமல் வைத்தியம் பார்ப்பது போலத்தான் அதுவரை வேலை நடந்திருக்கிறது. முதலில் அந்தத் திரையை அமைத்தார்கள். அடிக்கடி கேட்கப்படும் தகவலை ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸுக்குப் போய்த் தேடாமல், கைக்கெட்டும் தூரத்தில் சேமித்துவைக்கும் வசதி இல்லாதது தெரியவந்தது, அதைச் சேர்த்தார்கள். ஐ.டி. துறையில் சில வருடம் வேலை பார்த்த எவருக்கும் இவை புதியவை அல்ல.

டிசம்பர் 1-ஆம் தேதி வெளியான அரசின் முன்னேற்ற அறிக்கை, 400-க்கும் மேற்பட்ட கோளாறுகள் சரிசெய்யப்பட்டதாகச் சொன்னது. தளம் இயங்கிய நேரம் சுமார் 43 சதவீதத்திலிருந்து 95 சதவீதமாகியிருந்தது. ஒரு பக்கம் திறக்க எடுத்த 8 விநாடி, ஒரு விநாடிக்கும் கீழே வந்திருந்தது. அடுத்த ஏப்ரலில் கணக்கெடுத்தபோது, மாநிலங்கள் தனியே நடத்திய தளங்களையும் சேர்த்து 80 லட்சம் பேர் காப்பீட்டில் சேர்ந்திருந்தார்கள். இந்த 400 திருத்தங்களையும் வெளியிலிருந்து வந்த அந்தச் சிலரால் செய்திருக்க முடியாது. பெரும்பகுதியைச் செய்தவர்கள், அக்டோபர் 1-ஆம் தேதி அதே தளம் விழுந்தபோதும் அங்கே வேலையில் இருந்த பொறியாளர்கள். திறமை ஏற்கெனவே உள்ளே இருந்தது. அதைப் பார்க்கத் தெரிந்த கண்தான் இல்லாமலிருந்தது.

இந்த மீட்புப் பணிக்காக மேரிலாந்தில் தினமும் நடந்த கூட்டங்களுக்கு டிக்கர்சன் வைத்த விதிகள் எளியவை. கூடுவது சிக்கலைத் தீர்க்க, பழிபோட அல்ல. பேச வேண்டியவர் அந்த விஷயத்தை அதிகம் அறிந்தவர், பதவியில் உயர்ந்தவர் அல்லர். அடுத்த ஓரிரு நாளில் தளத்தைப் படுக்கவைக்கக்கூடிய சிக்கலைத்தான் முதலில் எடுக்க வேண்டும். இரண்டாவது விதியில்தான் என் கவனம் நிற்கிறது. விஷயத்தை அதிகம் அறிந்தவர் யார் என்று கூட்டத்தை நடத்துபவருக்குத் தெரிந்தால்தான் அந்த விதி செல்லுபடியாகும். ஒருவர் சரளமாகப் பேசுகிறாரா, உண்மையிலேயே தெரிந்து பேசுகிறாரா என்று பிரித்தறிய, கேட்பவருக்கும் அந்தத் தொழிலில் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். 2016-இல் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் இந்த விவகாரத்தை ஆராய்ந்தபோதும், தெளிவான தலைமை இல்லாததையே தோல்விக்கு முக்கியக் காரணமாகக் குறித்தது.

தலைமையின் இந்தக் குறை, புதிதாக ஆள் எடுக்கும் இடத்தில் இன்னும் பெரிதாகிறது. அமெரிக்க மத்திய அரசின் வேலைகளுக்கு விண்ணப்பித்தவர்கள் நெடுங்காலமாக இரண்டு சல்லடைகளைக் கடக்க வேண்டியிருந்தது. ஒன்று, தன் திறமைக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் கேள்வித்தாள். மற்றது, ரெஸ்யூமேயில் இருக்கும் சொற்கள் வேலை அறிவிப்பில் இருக்கும் சொற்களோடு பொருந்துகின்றனவா என்று மனிதவளப் பிரிவினர் பார்ப்பது. எல்லாக் கேள்விக்கும் தன்னை நிபுணர் என்று குறித்துவிட்டு, அறிவிப்பின் வரிகளை அப்படியே ரெஸ்யூமேயில் ஒட்டியவர் மேலே வருவார். இது தெரியும், அது அரைகுறையாகத் தெரியும் என்று நேர்மையாக எழுதியவர் கீழே போவார். அமெரிக்க அரசின் துணைத் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த ஜெனிஃபர் பால்கா, 2023-இல் வெளியிட்ட நூலில் ஓர் இளைஞரின் கதையைச் சொல்கிறார். விமானப்படை தன் கணினிகளில் உள்ள ஓட்டைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லி நடத்திய போட்டியில், பதின்ம வயதிலேயே முதலிடம் பிடித்தவர் அவர். அதே பாதுகாப்புத் துறையில் வேலைக்கு விண்ணப்பித்தபோது, தகுதி போதாது என்று முதல் சல்லடையிலேயே தள்ளப்பட்டார். அவர் தமக்குத் தெரிந்த கணினி மொழிகளைப் பட்டியலிட்டிருந்தார். ரெஸ்யூமேயைப் படித்தவர்களுக்கு அந்தப் பட்டியலின் பொருள் புரியவில்லை. அவரை அறிந்தவர்கள் விடாமல் போராடிய பிறகே வேலை கிடைத்தது. அப்படிப் போராட ஆளில்லாமல் திரும்பிப் போனவர்களைப் பற்றி நூல் எழுத யாரும் இல்லை.

2019-இல் இதற்கு ஒரு மாற்று முயற்சி நடந்தது. எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களோ, அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும் நிபுணர்களைத் தேர்வுக்குள் கொண்டுவந்தார்கள். என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்களே வரையறுத்தார்கள்; ரெஸ்யூமேயை அவர்களே படித்தார்கள்; தொலைபேசியில் அவர்களே கேள்வி கேட்டார்கள். அதில் தேறியவரே தகுதி பெற்றவர். தேசியப் பூங்காத் துறையிலும் சுகாதாரத் துறையிலும் தொடங்கிய இந்த முறை பிறகு மற்ற துறைகளுக்கும் பரவியது. தச்சரைத் தேர்ந்தெடுக்கத் தச்சரைக் கேட்பது ஊர்வழக்கம். ஒரு பெரிய அரசு அதைக் கண்டுபிடிக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இதை அமெரிக்க அரசின் சிக்கல் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் ஊரில் வேலை தேடும் எந்தப் பொறியியல் பட்டதாரிக்கும், ரெஸ்யூமேயில் எந்தெந்தச் சொல் இருந்தால் சல்லடை விடும் என்பது மனப்பாடம். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. அறிவிப்பைக் கொடுத்தால் அதற்கு அச்சுப்பிசகாமல் பொருந்தும் ரெஸ்யூமேயை ஒரு நிமிடத்தில் எழுதித்தருகின்றன. எல்லா ரெஸ்யூமேயும் எல்லா அறிவிப்புக்கும் பொருந்தும் காலத்தில், சொற்பொருத்தம் பார்க்கும் சல்லடையால் எதையும் சலிக்க முடியாது. தொழில் தெரிந்தவர் நேரே அமர்ந்து, இந்தச் சர்வர் நள்ளிரவில் நின்றுபோனால் முதலில் எதைப் பார்ப்பாய் என்று கேட்பதற்கு இனி மாற்று இல்லை. தமிழ்நாட்டில் வேறொரு பாதையும் உண்டு. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ, கல்லூரிப் பட்டத்தைக் கேட்காமல், பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையோடு பயிற்சி கொடுத்து வேலையில் சேர்க்கிறது; தென்காசியிலும் அந்தப் பயிற்சிப் பள்ளி நடக்கிறது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பொறியியல் படித்து, தாமே தொழில்நுட்ப வேலையிலிருந்து வந்தவர். மதிப்பெண் பட்டியலுக்கு அப்பால் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கும் துணிவு, வேலையை உள்ளிருந்து அறிந்த தலைமைக்கே எளிதில் வரும்.

ஆள் பஞ்சம் இல்லை, பார்க்கத் தெரிந்த கண்தான் இல்லை என்ற வாதத்துக்கு முதல் மறுப்பு சம்பளத்தைப் பற்றியது. கூகுள் கொடுப்பதை ஓர் அரசுத் துறையோ நடுத்தர நிறுவனமோ கொடுக்க முடியாது, பிறகு யார் வருவார்கள் என்று கேட்பார்கள். சம்பளம் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கடன் கட்டுகிறவரிடம் சேவை மனப்பான்மையைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமாகாது. ஆனால் 2014 ஆகஸ்டில் டிக்கர்சன் தலைமையில் அமெரிக்க டிஜிட்டல் சேவை என்ற அரசுத் தொழில்நுட்பக் குழு தொடங்கப்பட்டபோது, பெரிய நிறுவனங்களிலிருந்து சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஓரிரு ஆண்டுகளுக்குப் பலர் வந்தார்கள். தங்கள் பேச்சு எடுபடும், செய்த வேலை மக்கள் கையில் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை அவர்களை இழுத்தது. அதே காப்பீட்டுத் தளத்தில் 76 பக்கங்களாக இருந்த விண்ணப்பம், சிக்கலில்லாத குடும்பங்களுக்கு 16 பக்கங்களாகச் சுருங்கியது. அப்படி ஒரு மாற்றத்தைத் தன் கையால் செய்துவிட்டுப் போகலாம் என்பது ஒரு நல்ல பொறியாளருக்குப் பெரிய ஈர்ப்பு. அதிகாரமும் தராமல் சம்பளமும் தராமல் ஆள் கிடைக்கவில்லை என்பவர்கள்தான் உண்மையில் கேட்கக்கூடாததைக் கேட்கிறார்கள்.

நல்ல நிர்வாகி எதையும் நிர்வகிப்பார், அவருக்குக் கோடிங் தெரிய வேண்டியதில்லை என்பது இரண்டாவது மறுப்பு. ஸயன்ட்ஸே பொறியாளர் அல்லரே என்று அதற்குச் சான்றும் காட்டலாம். அது சரியான சான்று, எந்தப் பக்கத்துக்கு என்பதுதான் கேள்வி. தமக்குத் தெரியாத இடத்தில் டிக்கர்சன் போன்றவர் சொல்வதே நடக்க வேண்டும் என்று அவர் விட்டுக்கொடுத்தார். தலைமை அறையில் தொழில்நுட்பத்தின் குரலுக்கு இடம் இருந்தது. தலைவர் தாமே நிரல் எழுத வேண்டியதில்லை. தொழில் தெரிந்த ஒருவர், முடியாது என்று சொன்னால் அது முடிவாக நிற்கும் இடத்தில் இருந்தாக வேண்டும். நம் நிறுவனங்கள் பலவற்றில் அந்த ஒருவர் ஐந்து படிகளுக்குக் கீழே இருக்கிறார். அவர் சொல்வது மேலே ஏறும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் மென்மையாகி, உச்சிக்குப் போகும்போது எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடுகிறது.

மூன்றாவதாக, நெருக்கடி என்பதால்தான் இதெல்லாம் நடந்தது, சாதாரண நாளில் எந்த அமைப்பும் இப்படி வளைந்துகொடுக்காது என்பார்கள். பிரிட்டன் இதற்குப் பதில். அங்கே 2002-இல் தொடங்கிய தேசிய மருத்துவச் சேவையின் பிரம்மாண்டக் கணினித் திட்டம், பெரும் ஒப்பந்தங்களை நம்பி நடந்து, 2011-இல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு அரசு தனக்குள்ளேயே ஒரு டிஜிட்டல் பிரிவைத் தொடங்கியது. கார்டியன் நாளிதழின் டிஜிட்டல் பிரிவை நடத்திய மைக் பிராக்கன் அதன் தலைவரானார். பொறியாளர்களையும் வடிவமைப்பாளர்களையும் அரசு ஊழியர்களாகவே சேர்த்தார்கள். 2012 அக்டோபரில் அவர்கள் திறந்த பொது இணையதளம், அரசின் பழைய தளங்களை ஒவ்வொன்றாகத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் சிறந்த வடிவமைப்பு விருதும் அதற்குக் கிடைத்தது. அந்தத் தளம் எதுவும் விழுந்து நொறுங்கிய பதற்றத்தில் பிறந்ததில்லை.

நான்காவது மறுப்புக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. மேலிருப்பவரின் ஆதரவில் நிற்கும் அணி, மேலிருப்பவர் மாறினால் என்னாகும் என்பது அது. 2024 டிசம்பரில், நிபுணர்களைக் கொண்டு திறனைச் சோதித்தே ஆள் எடுக்க வேண்டும் என்ற திசையில் அமெரிக்காவில் ஒரு சட்டம் நிறைவேறியது. அடுத்த மாதம் ஆட்சி மாறியது. டிஜிட்டல் சேவையின் பெயரும் வேலையும் மாற்றப்பட்டன. 2014-இல் அதனோடு பிறந்த பதினெட்டு-எஃப் என்ற இன்னொரு தொழில்நுட்பக் குழு, 2025 மார்ச் 1-ஆம் தேதி ஒரே நாளில் கலைக்கப்பட்டது. துறைகளுக்குள் வேரோடி, வழக்கமான ஊழியர்களாகவே ஆகிவிட்ட பொறியாளர்களை இப்படி ஒரே ஆணையில் அகற்றுவது அவ்வளவு எளிதில்லை. மையத்தில் தனி அணியாக நின்றவர்களை அகற்ற ஒரு கடிதம் போதுமாக இருந்தது. சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. ரெஸ்யூமேயைப் படித்துப் பார்த்து, தொலைபேசியில் கேள்வி கேட்டுப் பழகியவர்களில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.