மின்மினிக்கு நிரல் எழுதுவது எப்படி?

கம்போங் குவாந்தானில் இரவு நேரத்தில் படகு ஏறியவர்களுக்கு இக்காட்சி தெரியும். சிலாங்கூர் ஆற்றோரம் நிற்கும் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே நேரத்தில் ஒளிர்ந்து ஒரே நேரத்தில் அணைகின்றன. வினாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை இப்படி நடக்கும். உலகின் பல பாகங்களிலிருந்தும் இதைப் பார்க்க வருகிறார்கள். கோல சிலாங்கூர்க்காரர்களாகிய நாமோ வெளியூரிலிருந்து உறவினர் வந்தால்தான் போய்ப் பார்ப்போம்!

இக்காட்சியை ஓர் அசைவூட்டப் படத்தில் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. மரத்தில் ஆயிரம் மின்மினிகள், காட்சி பத்து வினாடி என்றால் 240 படங்களில் மொத்தம் 240,000 ஒளிப்புள்ளிகளை வரைய வேண்டியிருக்கும். எவ்வளவு சிறந்த ஓவியராக இருந்தாலும் மலைத்துப் போவார். நிரலாளருக்கு இங்குதான் வேலை தொடங்குகிறது. அவர் புள்ளிகளை வரைவதில்லை. ஒரு விதியை எழுதுகிறார்.

விதி மிக எளியது. ஒவ்வொரு பூச்சிக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது நிறைந்ததும் பூச்சி மின்னும்; கடிகாரம் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். வேறொரு பூச்சி மின்னுவதைக் கண்டால் இது தன் கடிகாரத்தைச் சிறிது முன்னே தள்ளிக்கொள்ளும். இவ்வளவுதான். தொடக்கத்தில் ஆளுக்கொரு நேரத்தில் மின்னிக்கொண்டிருந்தவை, சிறிது நேரத்தில் தலைவன் எவருமின்றி ஒன்றுசேர்ந்து மின்னத் தொடங்கும். ரெனாட்டோ மிரோல்லோ, ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்னும் இரு கணித அறிஞர்கள் 1990ஆம் ஆண்டில் இத்தகைய மாதிரி ஒன்றைக் கணித முறையில் மெய்ப்பித்தார்கள்.

பறவைக் கூட்டத்துக்கு இதே வழியை அதற்கு முன்பே காட்டியவர் கிரேக் ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்க நிரலாளர். அருகிலிருப்பவரை இடிக்காதே, அருகிலிருப்பவர் போகும் திசையில் போ, கூட்டத்தின் நடுவை நோக்கியே இரு. 1987இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் சாரம் இந்த மூன்று விதிகள்தாம். 1992இல் வெளிவந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தின் வௌவால் கூட்டத்துக்கு இம்முறை பயன்பட்டது. 1998இல் அவருக்கு ஆஸ்கார் கழகத்தின் அறிவியல், பொறியியல் விருதும் கிடைத்தது.

சரி, மின்மினி மின்னவேண்டிய நேரத்தை விதி சொல்லிவிட்டது. எப்படி மின்ன வேண்டும்? வினாடிக்கு மூன்று முறை என்றால் ஒரு மின்னலுக்கு எட்டுப் படச்சட்டங்கள் கிடைக்கும். ஒளியே இல்லாத சட்டம் எது, முழு ஒளியுள்ள சட்டம் எது என்று நாம் குறித்தால் போதும். இடைப்பட்டவற்றைக் கணினியே கணக்கிட்டு நிரப்பும். நேர்கோட்டில் நிரப்பினால் இயந்திரத்தனமாகத் தெரியும். வளைகோட்டில் நிரப்பினால் உயிர் வந்துவிடும். இதற்குப் பெரிதும் பயன்படுவது பெசியே வளைகோடு. பியேர் பெசியே என்பவர் பிரான்ஸின் ரெனோ நிறுவனத்தில் கார் உடல்களை வடிவமைக்க 1960களில் பயன்படுத்திய கணிதம் இது. கணினி எழுத்துருக்களும் இவ்வகை வளைகோடுகளாலேயே ஆனவை. நம் நாட்டின் முத்து நெடுமாறன் வடிவமைத்த தமிழ் எழுத்துகளை ஆப்பிள் கருவிகளில் பார்க்கிறோம் அல்லவா? அங்கே 'ழ'கரத்தின் சுழியை வளைப்பதும், அசைவூட்டப் படத்தில் ஒரு பாத்திரம் கையைத் தூக்கும் வேகத்தைத் தீர்மானிப்பதும் ஒரே குடும்பத்துக் கணிதம்தான். இதை முதன்முதலில் அறிந்த அன்று நான் வகுப்புப் பாடத்தைக் கவனிக்கவே இல்லை.

இத்துறையில் உயர்ந்த தமிழர் ஒருவரை நம்மில் பலர் அறியமாட்டார்கள். அவர் பெயர் கொட்டலங்கோ லியோன். தூத்துக்குடியைச் சேர்ந்தவர். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1996ஆம் ஆண்டு முதல் சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். 2016 பிப்ரவரி 13ஆம் நாள், 'இட்வியூ' என்னும் மென்பொருளை வடிவமைத்துத் தொடர்ந்து மேம்படுத்தியமைக்காக, ஜே. ராபர்ட் ரே, சாம் ரிச்சர்ட்ஸ் ஆகிய இருவருடன் சேர்த்து அவருக்கு ஆஸ்கார் கழகத்தின் தொழில்நுட்பச் சாதனை விருது வழங்கப்பட்டது. இது நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் விழாவில் வழங்கப்படுவதன்று. தனி விழாவில் தருகிறார்கள். தங்கச் சிலை இல்லை, சான்றிதழ்தான்.

இட்வியூ என்ன செய்கிறது? பெயரைக் கேட்டால் சாதாரண வீடியோ பிளேயர் போலத் தோன்றும். ஆனால் ஓர் அசைவூட்டக் கூடத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு படத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுக் காட்சிகள் இருக்கலாம். ஒவ்வொரு காட்சிக்கும் பல திருத்தப் பதிப்புகள். இயக்குநரும் மேற்பார்வையாளர்களும் ஒன்றாக அமர்ந்து அவற்றைப் பார்த்து, 'நேற்றைய பதிப்பில் நிழல் நன்றாக இருந்ததே' என்பார்கள். அக்கணமே நேற்றைய பதிப்பு திரையில் வர வேண்டும். நிறம் துளியும் மாறக்கூடாது. திக்கித் திக்கி ஓடவும் கூடாது.

ஓடவைப்பது மட்டும் எளிதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2048க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படச்சட்டத்தில், ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறங்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு பைட் என்றால் ஏறத்தாழ 13 மெகாபைட். வினாடிக்கு 24 சட்டங்கள் என்றால் 318 மெகாபைட். சுருக்காமல் வைத்தால் இரண்டே வினாடிப் படம் ஒரு குறுந்தட்டை நிரப்பிவிட முந்தும். இவ்வளவையும் தடையின்றித் திரைக்குத் தள்ளும் நிரலை எழுதி, ஆண்டுதோறும் கேமராவும் கணினியும் மாற மாற அதையும் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் அவர்கள் செய்த வேலை. விருதுக் குறிப்பில் உள்ள 'தொடர்ந்து மேம்படுத்தியமைக்காக' என்ற சொல்லே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பார்வையாளர் எவரும் அந்த நிரலைக் கண்ணால் காணப் போவதில்லை.

பொழுதுபோக்காகக் கணினியைத் தொட்டு இத்துறைக்கு வந்தவர்களும் உண்டு. நெதர்லாந்தின் தோன் ரோசெண்டால் 1989இல் தமது அமிகா வீட்டுக் கணினியில் படம் உருவாக்கும் நிரல் ஒன்றை எழுதினார். அதே ஆண்டு சிறிய அசைவூட்ட நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். 1994இல் எழுதத் தொடங்கியதுதான் 'பிளெண்டர்'. அதை விற்கத் தொடங்கிய நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. பயனர்களிடம் நிதி திரட்டி, ஏழே வாரங்களில் 100,000 யூரோ சேர்த்து, மென்பொருளை மீட்டு எல்லாருக்கும் இலவசமாக்கினார். பிளெண்டரில் உருவான 'ஃப்ளோ' என்ற லாட்வியா நாட்டுப் படம் 2025இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கார் விருதை வென்றது.

இனி நம் கதைக்கு வருவோம். இடைநிலைப்பள்ளியில், இத்துறையில் எனக்கு ஆர்வம் உண்டு என்று சொன்னபோது ஆசிரியர் ஒருவர் கேட்ட ஒரே கேள்வி, "பண்டாய் லுக்கிஸ்?" வரையத் தெரியுமா என்பது. எனக்கு ஒரு மாடுகூட மாடாக வராது. பேச்சு அத்துடன் முடிந்தது. புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் உள்ள நம் தோட்டத்துப் பிள்ளைகளில் நன்றாக வரைபவர்களையாவது ஓவியப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். கூடுதல் கணிதத்தில் 'ஏ' வாங்கும் பிள்ளையிடம் அசைவூட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சைன், கோசைன், வெக்டர், மேட்ரிக்ஸ் எல்லாம் தேர்வுக்கு மட்டுமே என்று அவர்களும் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு பாத்திரம் தலையைத் திருப்புவதே மேட்ரிக்ஸ் பெருக்கல்தான்.

பெற்றோரின் அச்சத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்துக்கு நம் சைபர்ஜெயாவிலும் ஒரு கூடம் இருந்தது. 2013 பிப்ரவரியில் அப்படத்துக்கு ஆஸ்கார் கிடைத்தது. அதே மாதத்தில்தான் அந்நிறுவனம் திவால் மனுவும் செய்தது. படங்கள் முடிந்தால் வேலையும் முடியும் துறை இது. ஆனால் நிரல் எழுதத் தெரிந்தவர் அசைவூட்டக் கூடத்தை விட்டு வெளியே வந்தாலும் அதே கணிதத்தைக் கொண்டு வேறு இடத்தில் பிழைத்துக்கொள்ளலாம். ஓவியருக்கு அந்த வசதி குறைவு. கல்விக்கடன் தலைக்குமேல் நிற்கும் நமக்கு இது சின்ன விசயமில்லை.

பழைய மடிக்கணினி ஒன்று இருந்தாலே தொடங்கலாம். பைத்தான் மொழியில் இருபது மின்மினிகளை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றின் கடிகாரத்தையும் வெவ்வேறு எண்ணில் தொடங்கிவிடுங்கள். அண்டைப் பூச்சி மின்னும்போது கடிகாரம் எவ்வளவு முன்னே தாவ வேண்டும் என்பதை முதலில் சுழியமாக வையுங்கள். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அவை சேரா. பிறகு, கடிகாரம் அதுவரை ஓடியதில் நூற்றில் ஒரு பங்கு முன்னே தாவும்படி வைத்துப் பாருங்கள். அதன் பின் பத்தில் ஒரு பங்கு.