யூத மழலையர் பள்ளிகளில் இலையுதிர்காலப் பண்டிகைகள்

யூத மழலையர் பள்ளிகளில் இலையுதிர்காலமும், அப்பருவத்தில் வரும் பண்டிகைகளும் பெரும்பாலும் ஒரே பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. புத்தாண்டாகிய ரோஷ் ஹஷானா, பாவநிவிர்த்தி நாளாகிய யோம் கிப்பூர், கூடாரப் பண்டிகையாகிய சுக்கோத், தோரா மகிழ்விழாவாகிய சிம்ஹத் தோரா ஆகிய நான்கும் எபிரேய நாட்காட்டியின் திஷ்ரி மாதத்தில் அடுத்தடுத்து வருகின்றன. இஸ்ரேலில் கல்வியாண்டு செப்டம்பர் 1 அன்று தொடங்குவதால், வகுப்பறைக்கே இன்னும் பழகாத மூன்று வயதுக் குழந்தை இவற்றை எதிர்கொள்கிறது.

நாட்காட்டியும் பருவமும்

எபிரேய மாதங்கள் நிலவைப் பின்பற்றுபவை. பன்னிரண்டு சந்திர மாதங்கள் ஏறத்தாழ 354 நாட்களே ஆவதால், 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதம் கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. இத்திருத்தம் இல்லையெனில் அறுவடை விழாவாகிய சுக்கோத் மெல்ல நகர்ந்து கோடையிலும், பின்னர் வசந்தத்திலும் வந்துவிடும்.

எபிரேய மொழியில் நடத்தப்பட்ட முதல் மழலையர் பள்ளி 1898 இல் ரிஷோன் லெ சியோன் என்ற ஊரில் தொடங்கப்பட்டது. ஐரோப்பியப் படநூல்கள் காட்டும் செந்நிற இலையுதிர்காடுகள் இந்நிலத்துக்கு உரியன அல்ல. இங்குள்ள இயற்கையான மரங்களில் பல பசுமை மாறாதவை. எனவே உதிர்ந்த இலைகளைத் தாளில் ஒட்டச் செய்வதை விட, குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்வதே பயன் தரும். நமது நரிவெங்காயத்தின் உறவுத் தாவரமான ஹட்சாவ், வறண்ட மண்ணிலிருந்து இலையின்றி நீண்ட தண்டை நீட்டி வெண்ணிறப் பூக்களைப் பூக்கிறது. மாதுளை பழுக்கிறது. தமிழகத்துக்கும் குளிர்காலத்தில் வலசை வரும் வெள்ளை வாலாட்டிக் குருவி அங்கே வந்து சேர்கிறது. நீண்ட கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழைக்கு 'யோரே' என்று தனிப்பெயரே உண்டு.

கற்பித்தல்

இனிய ஆண்டு அமைய வேண்டும் என்பதன் அடையாளமாக, ரோஷ் ஹஷானாவில் ஆப்பிள் துண்டைத் தேனில் தோய்த்து உண்பர். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தரலாகாது. சிறு குழந்தைகளுக்குப் பச்சை ஆப்பிளின் கடினமான துண்டுகள் தொண்டையில் சிக்கக்கூடும். ஆகவே கலப்பு வயது வகுப்புகளில் இதில் கவனம் தேவை. ஆட்டுக்கடாவின் கொம்பாகிய ஷோபாரின் ஒலியைக் குழந்தைகள் கேட்டுப் பழகுகின்றனர்.

கற்பிக்க மிகவும் கடினமானது யோம் கிப்பூர் ஆகும். நோன்புக் கடமை பெண்களுக்கு 12 வயதிலும் ஆண்களுக்கு 13 வயதிலுமே தொடங்குகிறது. அன்று இஸ்ரேலில் வாகனப் போக்குவரத்து ஏறத்தாழ நின்றுவிடுவதால், பல குழந்தைகளுக்கு இது வெறிச்சோடிய சாலைகளில் மிதிவண்டி ஓட்டும் நாளாகவே நினைவில் நிற்கிறது. எனினும் ஒருவருக்கு இழைத்த தீங்குக்கு அவரிடமே மன்னிப்புக் கேட்டு அவரைச் சமாதானப்படுத்த வேண்டும், வழிபாடு மட்டும் போதாது என்பது யூதச் சட்டநூலான மிஷ்னாவின் விதி. தோழியின் பொம்மையைப் பறித்த நான்கு வயதுக் குழந்தைக்கும் இது விளங்கும். ஆசிரியர் சொல்லிக் கொடுத்து ஒப்பிக்கும் மன்னிப்பை விட, பொம்மையைத் திருப்பிக் கொடுப்பதே அவ்வயதில் பொருளுள்ள பாடம்.

சுக்கோத் கைகளால் கற்கப்படுவது. வெட்டிய கிளைகளும் ஓலைகளும் கொண்டு கூரை வேய்ந்த தற்காலிகக் குடிலைக் குழந்தைகள் வண்ணத்தாள் சங்கிலிகளால் அலங்கரிக்கின்றனர். கூரை, வெயிலை விட நிழல் மிகும்படி அடர்ந்திருக்க வேண்டும். இரவில் விண்மீன்கள் தெரியும்படி இடைவெளியும் இருப்பது வழக்கம். கனமழை பெய்தால் உள்ளே தங்கும் கடமை இல்லை. எத்ரோக் எனும் நாரத்தை வகைப் பழம், பேரீச்சங்குருத்து, மிர்ட்டில், ஆற்றலரி ஆகிய நான்கையும் குழந்தைகள் தொட்டும் முகர்ந்தும் அறிகின்றனர்.

பிற நாடுகளில்

வட அமெரிக்காவில் இதே வாரங்களில் இலைகள் உண்மையாகவே நிறம் மாறுகின்றன. ஆப்பிளும் அப்போதே பறிக்கப்படுகிறது. ஆத்திரேலியாவிலோ திஷ்ரி மாதம் வசந்த காலத்தில் வருகிறது. சுக்கோத்தை அடுத்து ஓதப்படும் மழைக்கான வேண்டுதல் இஸ்ரேலின் பருவத்தை ஒட்டியது என்பதால், மெல்பேர்ண் நகரிலும் அதே நாளில்தான் ஓதப்படுகிறது.