ஒரு காட்சி, மூன்று கிளிக்

வெயிலும் நிழலும் மோதும் இடத்தில் கேமராவின் ஒரே கணக்கை நம்ப முடியாது.

ஹைதராபாத்தின் மௌலா அலி குன்று. உச்சியில் தர்கா, ஏறிச் செல்ல சுமார் 500 படிகள். அடிவாரத்தில் ஒரு கல்லறை வளாகம். நிஜாம் அரசவையில் கொடிகட்டிப் பறந்த உருதுக் கவிஞரும் நாட்டியக் கலைஞருமான மஹ் லகா பாய் சந்தா, 1792இல் தன் தாய்க்காக எழுப்பியது. 1824இல் அவரும் இங்கேயே அடக்கமானார்.

உச்சிவெயிலில் இங்கே கேமராவை எடுப்பவர் திண்டாடிப்போவார். முற்றத்து வெயிலுக்குப் பொருத்தினால் வளைவுக்குள் இருக்கும் கல்லறை கரியாகிவிடுகிறது. கல்லறைக்குப் பொருத்தினால் முற்றம் வெள்ளைக் காகிதம். காரணம் எளிது. எந்தக் காட்சியும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் ஒளிமானி கணக்குப் போடுகிறது.

இதற்கு டிஜிட்டல் கேமராவில் இருக்கும் வசதிதான் 'ஆட்டோ எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங்'. ஒரே காட்சியை கேமராவே மூன்று விதமாக எடுத்துத் தரும். கணக்குப்படி ஒன்று, இருட்டாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று. இரண்டு 'ஸ்டாப்' இடைவெளி வைத்தால், 1/125 வினாடியில் முதல் படம், 1/500இல் அடுத்தது, 1/30இல் மூன்றாவது. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும். லென்ஸ் துவாரத்தின் அளவை மாற்றாமல் ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றவேண்டும். முக்காலி இருந்தால் நல்லது.

யோசனை புதிதல்ல. 1850களிலேயே பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒன்றும் வானத்துக்கு ஒன்றுமாக இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்துப் படம் போட்டார். ஸ்லைடு பிலிம் காலத்தில் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் கையாலேயே மாற்றி மாற்றி எடுத்தார்கள். 36 படச் சுருளில் 12 காட்சிதான் தேறும். இப்போது மெமரி கார்டு வந்து செலவு கவலையைப் போக்கிவிட்டது.

ஆனால் வேறு கவலை உண்டு. மூன்றையும் கம்ப்யூட்டரில் இணைக்கும்போது, படியேறும் பக்தர்களும் பறக்கும் கொடிகளும் இரட்டை இரட்டையாகத் தெரியலாம். அளவு மீறினால் நிழலே இல்லாத காலண்டர் படமாகிவிடும். வளைவின் குளுமை போய்விடும்.

பழைய கட்டடங்களைப் பதிவு செய்பவர்களுக்கு இது விளையாட்டல்ல. அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் 2010ஐ ஒட்டி இந்த வளாகம் புதுப்பிக்கப்பட்டது. இத்தகைய இடத்தில் பழைய சுதை வேலை எது, புதுப்பூச்சு எது என்று நாளை யாராவது கேட்டால், படம்தான் சாட்சி. முழுதாக வெளுத்துப்போன பகுதியிலிருந்து எந்த விவரத்தையும் மீட்க முடியாது. இருட்டுப் பகுதியில் புள்ளி புள்ளியாகவாவது ஏதாவது மிஞ்சும். எனவே இணைத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அசல் மூன்றையும் அழிக்காமல் வைத்திருப்பதே புத்திசாலித்தனம்.