கறுப்பரிசியும் நம் வீட்டுக் குத்தரிசியும்



என் மூத்த ராத்தாவின் மகன் கனடாவில் தொழில் பார்க்கிறார். சென்ற விடுமுறைக்கு ஊர் வந்தபோது தாய்க்கென்று ஒரு சிறு பொதி கொண்டு வந்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஊசி போல் நீண்ட கறுப்புத் தானியம். “காட்டரிசி மாமா, சீனி வியாதிக்காரருக்கு நல்லதாம்” என்றார். ராத்தாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வியாதி. போன வருடம் இடது காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். அந்தப் பொதிக்குள் அரிசியை விட ஒரு பிள்ளையின் கவலைதான் அதிகம் இருந்தது.

ராத்தா அதை வழமை போல் அரிக்கன் சட்டியில் மூன்று தரம் கழுவி, சம்பா அரிசிக்கு வைக்கும் அளவு தண்ணீர் வைத்து, ரைஸ் குக்கரில் போட்டார். குக்கர் அணைந்த பிறகும் தானியம் கல்லுப் போலவே கிடந்தது. “தம்பி, இதைக் கோழிக்குப் போடு” என்று சொல்லிவிட்டார். அதன் பின்தான் இது என்ன பொருள் என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

பெயரில் அரிசி இருந்தாலும் இது நம் நெல் அல்ல. நெல்லுக்குத் தூரத்து உறவான ஒரு நீர்ப்புல்லின் விதை. வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றிய ஆழமில்லாத குளங்களிலும் ஆறுகளிலும் தானாக முளைக்கிறது. அங்குள்ள ஒஜிப்வே பழங்குடி மக்கள் இதை ‘மனோமின்’ என்பார்கள். ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் இருவர் ஒரு சிறு தோணியில் போவார்கள். ஒருவர் தோணியைத் தள்ள, மற்றவர் இரண்டு இலேசான தடிகளால் கதிரை வளைத்துத் தட்டுவார். முற்றிய மணி தோணிக்குள் விழும். மிச்சம் தண்ணீரில் விழுந்து அடுத்த வருடம் முளைக்கும். பிறகு காயவைத்து, வறுத்து, உமி நீக்குவார்கள். இப்போது மினசோட்டாவிலும் கலிபோர்னியாவிலும் இதை வயலில் விதைத்து, இயந்திரத்தால் அறுவடை செய்கிறார்கள். கையால் தட்டி எடுத்ததற்கே விலை அதிகம்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு பொதி வந்தால் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு கோப்பை தானியத்துக்கு மூன்றரை அல்லது நான்கு கோப்பை தண்ணீரும் சிறிது உப்பும் வையுங்கள். கொதித்ததும் நெருப்பைக் குறைத்து மூடிவிடுங்கள். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். மணி வெடித்து, உள்ளே வெள்ளை தெரிந்து, ஓரம் சுருளும்போது வெந்துவிட்டது. முதல் நாள் இரவே ஊறவைத்தால் நேரம் குறையும். ஒரு கோப்பை மூன்று கோப்பைக்கு மேல் பெருகும் என்பதால் கொஞ்சமாகப் போடுங்கள்.

சத்து எப்படி? 100 கிராம் காட்டரிசிச் சோற்றில் ஏறத்தாழ 4 கிராம் புரதமும் 1.8 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. சக்தி 100 கலோரியளவு. தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றில் புரதம் 2.7 கிராம், நார்ச்சத்து 0.4 கிராம்தான், சக்தியோ 130 கலோரி. இதைப் பார்த்ததும் காட்டரிசி வென்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் தவிடு நீக்காத சாதாரண அரிசியின் சோற்றிலும் நார்ச்சத்து ஏறக்குறைய அதே அளவு உண்டு. ஆகவே நார்ச்சத்தில் உள்ள வித்தியாசம் கனடாவுக்கும் இலங்கைக்கும் இடையில் அல்ல, தவிட்டுக்கும் தீட்டலுக்கும் இடையில்தான்.

தவிட்டின் அருமையை உலகம் கற்றது கோழிகளிடமிருந்து. 1890களில் பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மன் என்ற ஒல்லாந்த வைத்தியர் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். கால் வலுவிழந்து நடக்க முடியாமல் போகும் நோய் அது. பெயரே ‘முடியாது’ என்ற சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அவரது கோழிகள் இராணுவ வைத்தியசாலையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்று அதே போல் தள்ளாடின. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தின் சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேன் என்று மறுத்தார். தீட்டாத மலிவு அரிசி கிடைத்ததும் கோழிகள் எழுந்து நடந்தன! தவிட்டிலுள்ள பி1 விற்றமின் இல்லாததே காரணம் என்பது பிறகுதான் விளங்கியது. 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசின் பாதி கிடைத்தது. சமையற்காரருக்கு என்ன கிடைத்தது என்று எங்கும் எழுதவில்லை.

நம் மூத்தம்மாமார் விற்றமின் என்ற சொல்லைக் கேட்டதில்லை. ஆனால் நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, காயவைத்துக் குத்தினார்கள். அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி விற்றமின்களில் ஒரு பங்கு மணிக்குள் இறங்குகிறது. அதனால் புழுங்கலரிசியைத் தீட்டினாலும், பச்சையரிசியைத் தீட்டுவது போல் எல்லாம் போய்விடாது. அதன் சோறு பொதுவாக இரத்தத்தில் சீனியை மெதுவாகவே ஏற்றும். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆலைகளில் சிவப்புப் புழுங்கல் இன்றும் கிடைக்கிறது. பச்சைப்பெருமாள், களுஹீனட்டி போன்ற பழைய சிவப்பு நெல்லும் சில இடங்களில் விளைகிறது.

வாங்கும்போது மணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிவப்பு மேற்தோலில் மட்டுமே உண்டு. மணி முழுதும் சிவந்திருந்தால் தவிடு இருக்கிறது. வெள்ளை மணியில் சிவப்புக் கோடு மட்டும் ஓடினால் பெரும்பகுதி ஆலையிலேயே போய்விட்டது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்கு நாற்றம் வரும். மாதக் கணக்குக்கு வாங்கி வைக்காதீர்கள்.

வீட்டிலும் நாம் கொஞ்சம் தொலைக்கிறோம். கல் இருந்தால் அரிக்கத்தான் வேண்டும். ஆனால் தண்ணீர் தெளியும் வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் பி விற்றமின் அந்தத் தண்ணீரோடு போகும். நிறையத் தண்ணீரில் ஆக்கி வடித்து ஊற்றினாலும் அப்படியே. குத்தரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீரில், அது வற்றும்படி ஆக்குங்கள். வடித்தே பழகியவர்கள் கஞ்சித் தண்ணீரைக் கீழே ஊற்றாமல் உப்பும் பாலும் சேர்த்துக் குடியுங்கள்.

விருந்தாளிக்குச் சிவப்புச் சோறு வைத்தால் குறைவாக நினைப்பார்கள் என்று நம் வீடுகளில் ஒரு பயம் உண்டு. நபி (ஸல்) அவர்களது வீட்டில் சல்லடையே இருக்கவில்லை, வாற்கோதுமையை அரைத்து ஊதி, பறப்பது பறக்க மிச்சத்தைப் பிசைந்தார்கள் என்று ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவித்ததை மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கிற நானே, என் வீட்டு விருந்துக்குக் கீரிச்சம்பாதான் வாங்கினேன். சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு விடயம். சிவப்பரிசி மருந்து என்று கேள்விப்பட்ட ராத்தா, ஒரு கோப்பைச் சோறு தின்ற இடத்தில் இரண்டு கோப்பை தின்னத் தொடங்கினார். கிளினிக்கில் சோதித்தபோது சீனி ஏறியிருந்தது. எந்த அரிசியானாலும் பெரும்பங்கு மாச்சத்துத்தான். அளவு கூடினால் நிறம் காப்பாற்றாது. மருந்தையும் நிறுத்தக் கூடாது.

போன ஜும்ஆ அன்று ஒரு பங்கு கறுப்பரிசியும் மூன்று பங்கு குத்தரிசியும் ஆக்கினோம். கறுப்பை இரவே ஊறவைத்து, முதலில் அரை மணி நேரம் தனியாக வேகவிட்டு, பிறகுதான் குத்தரிசியைச் சேர்த்தோம். முருங்கையிலைச் சுண்டலும் மீன் ஆணமும் கூட. ராத்தா ஒரு கோப்பை அளந்து வைத்துக்கொண்டு மெல்ல மென்று சாப்பிட்டார்.

“பொதியில் இன்னும் எவ்வளவு இருக்கு தம்பி?”

“பாதி இருக்கு.”

“அது முடிந்தால் இனி அனுப்ப வேண்டாம் என்று மகனிடம் சொல்லு. அந்தக் காசுக்கு அவன் ஒரு தரம் கூடுதலாக ஊருக்கு வரட்டும்.”