அவிழ்ப்பதில் உள்ள அழகு

கோலாட்டம் சரீரத்துக்கு நல்லது என்கிறார்களே, மெய்தானா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். குனிந்து நிமிர்ந்து, பாடிக்கொண்டே சுற்றிவரும்போது மூச்சுக்கும் இருதயத்துக்கும் முழங்காலுக்கும் ஒருங்கே பயிற்சி கிடைக்கிறதென்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. என் மனம் லயித்திருப்பதோ பின்னல் கோலாட்டத்தில்.

உத்தரத்திலிருந்து தொங்கும் வர்ணக் கயிறுகளில் ஆளுக்கொன்றை இடக்கையில் பற்றி, வலக்கையில் கோலேந்தி, பாதிப்பேர் வலமாகவும் பாதிப்பேர் இடமாகவும், எதிர்ப்படுகிறவளை ஒருமுறை உள்ளும் மறுமுறை புறமுமாகக் கடந்து, கோலோடு கோல் தட்டிச் சுற்றிவர, என் தாயார் தங்கைக்குப் பின்னிவிட்ட சடையைப்போல் ஒரு பின்னல் மேலிருந்து இறங்கிவரும். கயிறு குறுகியதும் பாட்டை நிறுத்தாமலே எல்லோரும் திரும்பி, கடைசியில் வைத்த அடியை முதலில் வைத்து, வந்த வழியே அதை அவிழ்க்கிறார்கள். இதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம். ஒருத்தி உள்ளே போகவேண்டிய இடத்தில் வெளியே போனால் முடிச்சு விழுந்து, அத்தனை பேரும் நின்றுவிட வேண்டியதுதான். ஆகவே, கால் நடக்கையிலேயே கண் எதிரே வருபவளையும், காது தாளத்தையும், புத்தி கணக்கையும் விடாமல் பற்றியிருக்க வேண்டியிருக்கிறது.

ஆட்டத்துக்கும் புத்திக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்களும் உண்டு. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உடலை அசைக்கும் பொழுதுபோக்குகளுள் நடனமாடியவர்களிடம் மட்டுமே ஞாபகமறதி நோய் குறைவாகக் காணப்பட்டது. நடனமே அதற்குக் காரணமென்று அது ஸ்தாபித்துவிடவில்லை. பிரேசில் மாணவர்களை ஆடவைத்துப் பரிசோதித்து 2015-இல் வெளியான ஆய்வோ, உழைப்பின் பலன் ஒருபுறமிருக்க, ஒரே அசைவாகச் சேர்ந்து ஆடுவதும் வலி தாங்கும் சக்தியைக் கூட்டுவதாகக் கண்டது.

சென்ற மாதம் ஒரு பள்ளி விழாவில் பின்னல் கோலாட்டத்தைப் பார்த்தேன். பாட்டு ஒலிபெருக்கியில் வந்தது. பின்னி முடித்ததும், அவிழ்க்க அவகாசமில்லையென்று திரையை இழுத்துவிட்டார்கள். பக்கத்து நாற்காலியில், இளமையில் ஐப்பசி மாதக் கோலாட்டத் திருவிழாவான ஜோத்திரையில் ஆடிய ஒரு பாட்டியம்மாள், "அவிழ்க்காமலே விட்டுட்டாளே!" என்று பதறிப்போனார். இந்த ஆட்டம் யாருக்கு இன்றியமையாததோ அவர்களை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, குழந்தைகளுக்கு மட்டும் ஐந்து நிமிஷக் காட்சியாக இதைச் சுருக்கியது பெரும் தவறென்பது என் திடமான அபிப்பிராயம்.

வாசகியின் தெருவில் எட்டுப் பேர் கூடினால் போதும். முழங்கால் நோவுள்ளவர்கள் குனியாமல் நின்றபடியே அடிவைக்கலாம். கயிறில்லாமல், கோலை மட்டும் தட்டிச் சில நாள் பழகிக்கொண்டு, பிறகு பின்னலுக்குப் போகலாம். அந்தப் பாட்டியம்மாளைப் போன்ற ஒருவர் அருகில் இருந்தால், அவரையே முதலில் பாடச் சொல்லுங்கள்.