பெட்டியில் கிடந்த கடிதம்



திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பிரம்மதேசம் இருக்கிறது. பேருந்தில் வருவோருக்கு இங்கே வயலும் பனையுமே கண்ணில் படும். இன்னும் கிழக்கே போனால் நிலம் வெளுத்து, காற்று கனத்து, பாத்தி பாத்தியாக உப்பளங்கள் தொடங்கிவிடும். எமது பங்கு மக்களில் ஒரு பகுதியினர் அப்பாத்திகளில் வாருபலகை பிடித்துப் பிழைப்பவர்கள். தை, மாசியில் இறங்குவார்கள். புரட்டாசி மழை பிடிக்கும்போது கரையேறுவார்கள். அவர்களுள் ஒரு குடும்பத்துக்கு என்னால் நேர்ந்த ஒரு நட்டத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

2023-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு பெண், செவிலியர் படிப்புக்கு விண்ணப்பம் போட என்னிடம் வந்தாள். வெளியூரில் ஓர் அறக்கட்டளை ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணமும் விடுதிச் செலவும் தருவதாக அறிவித்திருந்தது. விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்டிருந்தார்கள். அவள் வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அதுவும் தகப்பனோடு விடியற்காலையிலேயே உப்பளத்துக்குப் போய்விடும். "சாமி, உங்க முகவரியே போட்டுடலாமா?" என்று கேட்டாள். "போடம்மா, நான் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். எத்தனை எளிதாகச் சொல்லிவிட்டேன்!

என் கைப்பேசியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். குருமடத்தில் நாங்கள் பயின்ற காலத்தில் தட்டச்சுப் பொறியில் இரண்டு தாள்களுக்கிடையே கரித்தாள் வைத்து நகல் எடுப்போம். இன்று மின்னஞ்சலில் பிறருக்கும் ஒரு படி அனுப்பும் இடத்தைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள் அந்தக் கரித்தாள் நகலின் சுருக்கமே என்று அறிந்தபோது, பழைய நண்பன் ஒருவனைப் புது உடையில் கண்டது போலிருந்தது. அந்த நட்பு நெடுநாள் நீடிக்கவில்லை. ஒருமுறை ஒரே ஒருவருக்கு எழுத வேண்டிய பதிலை, 'அனைவருக்கும் பதில்' என்னும் பொத்தானை அழுத்தி, சுமார் அறுபது பேருக்கு அனுப்பிவைத்தேன். கூட்டம் நடத்துவதில் ஒருவர் காட்டும் தாமதத்தைப் பற்றி அதில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அவரும் அந்த அறுபது பேரில் ஒருவர். அனுப்பிய மடலைச் சில நொடிகளுக்குள் திரும்பப் பெறும் வசதி உண்டு என்பதையும், அந்நேரத்தை முப்பது நொடிவரை நீட்டி வைக்கலாம் என்பதையும் அதன் பிறகுதான் கற்றேன். முப்பது நொடி போதுமா என்பது அவரவர் நாவைப் பொறுத்தது.

ஆயர் இல்லத்துச் சுற்றுமடல், பள்ளிக் கணக்கு, வங்கியின் அறிவிப்பு, கடைகளின் விளம்பரம் எல்லாம் ஒரே பெட்டியில் வந்து குவிகின்றன. இவற்றைப் பிரித்து வைக்க அப்பெட்டியே முயல்கிறது. விளம்பரம் ஒரு புறம், அறிவிப்புகள் ஒரு புறம் என அடுக்கும். சந்தேகத்துக்குரியவற்றைக் குப்பைப் பகுதிக்குத் தள்ளிவிடும். அனுப்புநர் யார், ஒரே மடல் எத்தனை பேருக்குப் போகிறது, அதில் எத்தகைய சொற்கள் உள்ளன என்பவற்றையெல்லாம் எடைபோட்டு, இயந்திரம் தானாகவே தீர்ப்பளிக்கிறது. பணம், உடனே, கடைசி நாள் என்ற சொற்கள் மோசடிக்காரன் கடிதத்திலும் இருக்கும். உதவி செய்யும் நல்லவர் கடிதத்திலும் இருக்கும். ஜிமெயிலில் அவ்வாறு தள்ளப்பட்ட மடல் முப்பது நாள் கழிந்ததும் தானாகவே அழிந்துபோகும்.

அப்பெண்ணுக்குரிய கடிதம் அங்கேதான் கிடந்தது. சூலை மாதத்தின் ஓர் இரவில் வேறெதையோ தேடும்போது கண்டேன். பத்து நாளுக்குள் ஒப்புதல் தெரிவித்துச் சான்றிதழ்களை அனுப்ப வேண்டும் என்றிருந்தது. கடிதம் வந்து பதினேழு நாட்கள் ஆகியிருந்தன. மறுநாள் காலையிலேயே தொலைபேசியில் மன்றாடினேன். அங்கிருந்தவர் கனிவாகத்தான் பேசினார். ஆயினும் அவ்விடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது.

மிதிவண்டிக்காரர் ஒருவர் வழிகாட்ட, உப்பளத்துக்கு நடந்தேன். வெயில் கண்ணைப் பறித்தது. தகப்பன் பாத்தியிலிருந்து ஏறி வந்து, கால்களில் வெள்ளை படிந்திருக்க நின்றார். நடந்ததைச் சொன்னேன். சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒரு மழைக்கு மொத்தப் பாத்தியும் கரைஞ்சு போறது எங்களுக்குப் புதுசா சாமி? நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அந்தப் பெண்ணோ மாலையில் கோவிலுக்கு வந்து, வழக்கம்போல் பீடத்துக்குப் பூ வைத்துவிட்டு, என்னைப் பாராமலே போனாள்.

இச்சம்பவத்துக்குப் பின்னரே இந்தக் கருவியின் வரலாற்றைச் சற்றுப் படித்தேன். கணினிகளின் வலையமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மடல் அனுப்பும் முறையை 1971-இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் உருவாக்கினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட அவர் தேர்ந்த சுழிக்குறியே இன்றும் நம் முகவரிகளின் நடுவே நிற்கிறது. அவர் சோதித்த இரு கணினிகளும் ஒரே அறையில் இருந்தன. முதல் மடலில் என்ன எழுதினார் என்பதை அவரே மறந்துவிட்டாராம். 2001 நவம்பர் 22-ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், பசிபிக் தீவுகளின் திருச்சபைக்குரிய மடலை வத்திக்கானிலிருந்து ஒரு சிறு கணினியின் வழியே மின்னஞ்சலாக அனுப்பினார். கடல்களுக்கு அப்பால் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு அதுவே விரைவான வழியாக இருந்தது.

தமிழில் எழுதும் வசதிக்கும் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழக அரசு 'தமிழ் 99' என்னும் விசைப்பலகையை ஏற்றது. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கியவர். கைப்பேசியில் தமிழ் எழுத 2005-இல் செல்லினத்தையும் தந்தார். ஆயினும் நம் ஊர்ப் பிள்ளைகள் 'சாமி வணக்கம்' என்பதையே ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புகிறார்கள். பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்!

ஒரு கருவி உயிரையே காத்த செய்தியும் நம் கரையில் உண்டு. புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்க்கு அறிவித்து வந்தார்கள். அதற்கு அருகே நல்லவாடு என்னும் ஊர் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை, அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வீட்டாரை அழைத்துக் கடல்கோள் ஆபத்தை எச்சரித்தார். ஊரார் மையத்தின் பூட்டை உடைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். சுமார் 500 குடும்பங்கள் பிழைத்தன. செய்தி ஒரு வீட்டுக் காதோடு நின்றுவிடாமல் தெருவுக்கு வந்தது. நானோ ஒரே ஒரு பிள்ளைக்கு வந்த செய்தியைப் பெட்டிக்குள்ளேயே கிடக்கவிட்டேன்.

இன்றைய கைப்பேசி எச்சரிக்கை வேறு வகையில் வருகிறது. கோபுரம் ஒன்றின் எல்லைக்குள் உள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகும். யாருடைய எண்ணும் தேவையில்லை. 2023 அக்டோபரில் தமிழகத்தில் இதைச் சோதித்தபோது எமது ஊர்ப் பாட்டிமார் அலறியதை அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள். ஆனால் 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது சிரிப்புக்கு இடமில்லாமற் போயிற்று. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. எங்கள் பக்கம் மின்சாரம் நின்றது, தொடர்பும் அறுந்தது. கையிலிருந்த விலையுயர்ந்த கருவி வெறும் கைவிளக்காயிற்று, பிறகு அதுவும் அணைந்தது. பங்கு வீட்டின் மின்னாக்கியில் கைப்பேசிகளுக்கு உயிரூட்ட வரிசையில் நின்றார்கள். யாருடையது எது என்று தெரியாமல் போகவே, ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர் எழுதிய தாளை ஒட்டினோம். அப்பணியைச் செய்தவள் அந்தப் பெண்தான்.

அவள் செவிலியர் படிப்புக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று சொன்னேன். "ஒரு வருஷம் வீட்ல உக்காந்தா அப்பா கல்யாணப் பேச்சு எடுப்பாரு சாமி" என்றாள். திண்டிவனம் அரசுக் கல்லூரியில் கணிதம் சேர்ந்தாள், நன்றாகவே படித்தாள். இது அவள் விரும்பிய படிப்பன்று என்பதை அவளும் அறிவாள், நானும் அறிவேன்.

கல்லூரியில் சேர்ந்த சில மாதத்துக்குப் பின் ஒருநாள் தானாகவே வந்தாள். "உங்க ஃபோனைக் குடுங்க சாமி" என்று வாங்கி, அரைமணி நேரம் எதையோ செய்தாள். ஆயர் இல்ல மடல்களுக்கு ஓர் அடையாளச் சீட்டு, பள்ளிக்கு ஒன்று. வந்தவுடன் அவை தாமே அதற்குரிய இடத்தில் போய் அமரும்படி விதி வகுத்தாள். இன்னார் அனுப்பினால் குப்பைக்குத் தள்ளாதே என்றும் ஒரு விதி உண்டாம். உடனே பதில் எழுத இயலாத மடலை ஒத்திவைத்தால், குறித்த நாளில் மீண்டும் பெட்டியின் தலைப்பில் வந்து நிற்கும் என்பதைக் காட்டினாள். முடிவில், "எவ்ளோ விதி போட்டாலும் சனிக்கிழமைதோறும் குப்பையைக் கிளறிப் பாருங்க சாமி" என்றாள். குரலில் குற்றச்சாட்டு இருந்ததா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அவள் வழியாகவே வேறொன்றும் புலப்பட்டது. நம் குடும்பங்களில் பலருக்குச் சொந்த மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. அது அவர்களுக்கே தெரியாது! கைப்பேசி விற்ற கடைக்காரரோ, பக்கத்துவீட்டுத் தம்பியோ ஏதோ ஒரு பெயரில் தொடங்கிக் கொடுத்திருப்பார். கடவுச்சொல் அவரோடு போயிற்று. பிள்ளையின் விண்ணப்பத்தில் கணினி மையத்துக்காரர் தம் முகவரியையே போட்டிருப்பார். நலவாரியப் பதிவுக்கும், உப்பளத் தொழிலாளருக்கு 2022-இல் அரசு அறிவித்த 5,000 ரூபாய் மழைக்கால உதவிக்கும் ஆதார், வங்கிக் கணக்கு, கைப்பேசி எண் ஆகியவற்றோடுதான் அலைய வேண்டியிருக்கிறது. ஒருமுறைக் கடவுஎண் தகப்பனின் கைப்பேசிக்கு வரும். தகப்பன் பாத்தியில் இருப்பார். தாய் அலுவலக வாசலில் நிற்பாள். எண்ணின் ஆயுளோ சில நிமிடமே. பணம் போடாமல் நெடுநாள் கிடந்த எண் வேறொருவர் கைக்குப் போய்விட்டால், அதனோடு இணைந்த கணக்குகளும் பூட்டிக்கொள்ளும்.

ஆகவே பெற்றோரே, பத்தாம் வகுப்பை எட்டும் பிள்ளைக்கு, அதன் பெயரிலேயே ஒரு முகவரி தொடங்கித் தாருங்கள். முகவரியையும் கடவுச்சொல்லையும், குடும்ப அட்டை வைக்கும் பெட்டியிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். வேறொருவர் முகவரியைக் கொடுக்க நேர்ந்தால், அது பங்குச்சாமியாரின் முகவரியே ஆனாலும், வாரம் இருமுறை நேரில் வந்து கேளுங்கள்; தொல்லை என்று எண்ண வேண்டாம். கடவுஎண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். வங்கி மேலாளர் என்று சொல்பவனிடமும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணை அன்றே அழையுங்கள்.

இன்னொரு சொல்லும் உண்டு. எம் சிறுவயதில் அஞ்சலட்டை ஒன்று வரும்: இதைப் பதின்மூன்று பேருக்கு எழுதி அனுப்பாவிடில் கேடு விளையும் என்று. அதே அட்டை இப்போது புனிதர் படத்தோடு கைப்பேசியில் வருகிறது. அன்று அஞ்சலட்டைக் காசாவது செலவாகும். ஆதலால் சிலர் யோசித்தார்கள். 2018-இல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் செய்தியைத் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. எம் பங்கில் சிலர் ஐந்து ஐந்தாக அனுப்பி அக்கட்டளையை நிறைவேற்றுகிறார்கள்.

ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின், வேப்பமரத்தடியில் ஒரு நீளப் பெஞ்சு போட்டு அந்தப் பெண்ணும் அவள் தோழியும் உட்காருகிறார்கள். முகவரி தொடங்குவோர், கடவுச்சொல் மறந்தோர், வந்த மடல் மெய்யா பொய்யா என்று அறியாதோர் வருகிறார்கள். சென்ற மாதம் அவள் தகப்பனும் வரிசையில் நின்றார். நலவாரியத்தின் பெயரில் வந்த குறுஞ்செய்தி ஒன்றை நீட்டி, "இது நெசந்தானா பாப்பா?" என்றார். அவள் இருமுறை படித்தாள். "பொய்ப்பா. அழுத்திடாதீங்க" என்றாள்.

கைப்பேசியோடு ஆதார் அட்டையையும் கொண்டு வரவும். மழை வந்தால் பெஞ்சு மறைக்கல்வி அறைக்கு மாறும்.